அந்தோணியார் துளை

ராயபுரத்தில் ஓர் அருங்காட்சியகம் இருந்தது என்று சொன்னால் ராயபுரத்துக்காரர்களே நம்புவதில்லை. இருந்தது. மாதா கோயிலுக்குப் பின்தெருவில், ஒருகாலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய கிடங்கு ஒன்றில், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் அதை நடத்திவந்தார். முன்னறையில் சில கண்ணாடிப் பெட்டிகள். பின்னறையில், அந்தப் பெட்டிகளுக்குள் இடம் கிடைக்காத சாமான்கள் கூரைவரை. பார்க்க வருகிறவர்களைவிடப் பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டுப் போக வருகிறவர்கள்தான் அதிகம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கொக்கி, ரயில்வே கைவிளக்கு, யாருடையது என்றே தெரியாத கல்யாணப் படம், கால் போன நாற்காலி. பழசாக இருந்தால் போதும், சார் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

அந்தப் பின்னறையில் சனிக்கிழமைதோறும் சம்பளமில்லாமல் வேலை செய்தவள் என் அத்தை. அப்பாவின் தங்கை. அவளோடு நானும் போவேன். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய்விடுவாள். அப்பாவுக்கு ரயில்வேயில் ஷிப்டு. வீட்டில் தனியாக விட்டால் நான் கடற்கரைக்கு ஓடிவிடுவேன் என்று எல்லாரும் ஒருமனதாக நம்பினார்கள். பெண்பிள்ளை என்ற சலுகையெல்லாம் எனக்குத் தரப்படவில்லை. அவர்கள் நம்பியதும் சரிதான்.

அத்தை ஏன் அங்கே போனாள் என்பதைச் சொல்லவேண்டும். மாமா விசைப்படகு ஓட்டியவர். காசிமேட்டில் படகு ஓட்டுகிறவருக்கு டிரைவர் என்று பெயர். ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். போன படகு திரும்பவில்லை. தேடினார்கள். ஆளும் கிடைக்கவில்லை, படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது. அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தாலியைக் கழற்றவில்லை, பூ வைப்பதை நிறுத்தவில்லை. குழாயடியில், கடையில், பூசை முடிந்து கோயில் வாசலில், எங்கே போனாலும் ஜனங்கள் அவள் முகத்தைப் பார்த்து, சேதி ஏதாவது வந்ததா என்று கேட்டார்கள். அக்கறையாகத்தான் கேட்டார்கள், அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. கிடங்கின் பின்னறையில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. சார் சாமானைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

அங்கே முதல் கட்டளை, தண்ணீர் படக்கூடாது. எந்தப் பொருளையும் காய்ந்த பிரஷ்ஷால்தான் துடைக்கவேண்டும். அழுக்கும் சரித்திரம்தான் என்பார் சார். புளியும் சாம்பலும் போட்டுப் பாத்திரத்தை முகம் தெரியத் தேய்த்தால்தான் தூக்கம் வரும் என்ற குடும்பத்திலிருந்து போனவள் அத்தை. கழுவாத சாமானைப் பார்க்கவா ஜனங்கள் காசு செலவழித்து பஸ் ஏறி வருவார்கள் என்று முதல் வாரமே சாரிடம் கேட்டுவிட்டாள். சார் சிரித்தார். பிறகு அவளுக்கும் அது பழகிவிட்டது. ஒரு பித்தளைச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, பூனைக்குட்டியைத் தடவுவதுபோல மணிக்கணக்காகத் துடைப்பாள்.

துடைத்து முடித்த சாமானுக்கு நம்பர் போடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, அது காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு மையால் எண் எழுதவேண்டும். அப்போதுதான் மை பொருளைக் கெடுக்காதாம். மிச்சப் பூச்சை அத்தை என் நகத்தில் தடவிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கண்டுபிடிக்க முடியாத பூச்சு அது. அந்தச் சனிக்கிழமைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தேன்.

காசிமேட்டுப் படகுக்காரர்களிடம் சார் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார். வலையில் மீனைத் தவிர வேறு எது வந்தாலும் கடலில் திருப்பிப் போடாமல் அவரிடம் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். பெரும்பாலும் யாரும் கொடுக்கமாட்டார்கள். வலை கிழிந்த கோபத்தில் அங்கேயே வீசிவிடுவார்கள். ஆனால் ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது பின்னறையில் ஒரு சாக்கு கிடந்தது. அறை முழுக்க அழுகிய பாசி நாற்றம். மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வருகிற காற்றின் நாற்றத்தையே அது தோற்கடித்துவிட்டது.

சார் சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். பீங்கான் உடைசல்கள், கழுத்து மட்டும் மிஞ்சிய பாட்டில்கள், துருவேறிய பெரிய இரும்பு வளையம் ஒன்று. அந்த வளையத்தைப் பார்த்து அவருக்கு வாயெல்லாம் பல். எந்தக் காலத்துக் கப்பலோ என்று தடவித் தடவிப் பார்த்தார். கடைசியாக ஒரு தூக்குப் பாத்திரம் உருண்டு வந்தது. கைப்பிடி ஒரு பக்கம் கழன்று, மேலெல்லாம் சிப்பியும் சுண்ணாம்பும் ஏறிப்போய். சார் அதைக் காலால் ஒதுக்கினார். எவர்சில்வர், பழசு இல்லை, பழைய இரும்புக்காரன் வந்தால் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு வளையத்தைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் அழுக்குத் தூக்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள். அத்தையும் இருக்கவில்லை. மடியில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தாள். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்த இடத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. கடைப் பலகை, பஸ் போர்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாக வாசிக்கிற வயது எனக்கு. தலையை நீட்டி வாசித்தேன். அந்தோணியார் துளை.

இந்த வார்த்தையின் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அத்தையின் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கியது தண்டையார்பேட்டை அண்ணாச்சி கடையில். பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். தூக்கில் பெயர் வேண்டாம், அந்தோணியார் துணை என்று வெட்டுங்கள் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். அவர் துணை என்று போட்டால் தூக்கு தொலையாது என்பது அவள் கணக்கு. வெட்டிய பையன் ணை போடவேண்டிய இடத்தில் ளை போட்டுவிட்டான். மாமாவுக்கு அது ஆயுசுக்கும் போதுமான வேடிக்கையாகிவிட்டது. முதல் நாள் சாப்பாட்டுக்குக் குழம்பை அந்தத் தூக்கில்தான் கடலுக்கு எடுத்துப் போவார். ஒவ்வொரு தடவை திரும்பி வந்ததும், பெண்டாட்டி ஓட்டைப் பாத்திரத்தைக் கொடுத்து அனுப்பியும் படகு முழுகாமல் வந்துவிட்டது என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிச் சிரிப்பார்.

"அத்தே, இது நம்ம தூக்கு" என்றேன்.

பிரஷ் நின்றுவிட்டது. அத்தை தூக்கை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். 

"நம்மள்து இல்ல" என்றாள்.

"அதே தப்பு கீது, அத்தே."

"அந்தக் கடைப் பையனுக்கு எழுத்து தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் வெட்டிக் குடுத்துருப்பான்."

எனக்கு அது சரியாகப் பட்டது. ராயபுரம், தண்டையார்பேட்டை முழுக்க வீட்டுக்கு வீடு அந்தோணியார் துளை தொங்குவதை நினைத்துப் பார்த்துச் சிரித்தேன். அத்தை எழுத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டதைப் பார்க்கத்தான் செய்தேன். தூக்கு நழுவாமல் பிடிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

அவள் எழுந்து முன்னறைக்குப் போய், அந்தத் தூக்கைப் போடவேண்டாம், அதற்கும் ஒரு நம்பர் கொடுங்கள் என்று சாரிடம் கேட்டாள். சார் முகம் சுளித்தார். எவர்சில்வர் தூக்கெல்லாம் சேர்த்தால் இது பாத்திரக் கடையாகிவிடும் என்றார். அத்தை யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று கெஞ்சினாள். "ஒரு மூலையில கீட்டும் சார். இன்னிக்கி புதுசு, உங்க பேரன் காலத்துல பழசாயிடும்" என்றாள். அந்த நியாயம் சாருக்குப் பிடித்துவிட்டது. நகப்பூச்சு தடவி நம்பர் போட்டோம். அத்தை அதைக் கைவிளக்குகளுக்குப் பின்னால், எழுத்து இருக்கிற பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தாள். வீட்டில் சொல்லாதே என்று என்னிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் உள்ளே நுழைந்ததும் அவள் முதலில் எடுப்பது அந்தத் தூக்கைத்தான். துடைக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் துடைப்பாள். நம்பர் போட்ட எந்தச் சாமானையும் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்பதால்தான் இப்படி என்றும், அத்தைக்கு அந்தத் தூக்கின்மேல் ஆசை என்றும் நினைத்தேன். எனக்கும் அங்கிருந்த ஒரு கப்பல் மணியின்மேல் ஆசை இருந்தது.

இப்போது தெரிகிறது. மாமா ஏதோ ஒரு நாட்டு ஜெயிலில் இருக்கிறார் என்று காசிமேட்டில் அப்போது ஒரு பேச்சு இருந்தது. காற்றில் திசை மாறி எல்லை தாண்டிப் போய்விட்டார்கள், பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று. ஒருவர் அந்தமானுக்கு அப்பால் என்பார், இன்னொருவர் பர்மா என்பார். அத்தை அந்தப் பேச்சைத் தின்றுதான் உயிரோடு இருந்தாள். தூக்கு அவளுடையது என்றால் படகு தண்ணீருக்கடியில் கிடக்கிறது. தூக்கு யாருடையதோ என்றால் மாமா ஜெயிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். கையில் இருக்கும் பாத்திரத்தை என்னுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டே அவள் அதை மடியில் வைத்திருந்தாள். 

ஆனால் அது அவள் ஒருத்தியின் கதையாக இருக்கவில்லை. மாமாவோடு போன ஐந்து பேரில் வயதில் சின்னவரின் மனைவி பக்கத்துத் தெருவில் இருந்தாள். நான் அவளை அக்கா என்பேன். அவள் மகள் என் வகுப்பு. ஒரு சாயங்காலம் அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா அப்போதுதான் அத்தையோடு சண்டை போட்டு முடித்திருந்தார். ஒரு இரங்கல் பூசை வைத்துவிட்டு ஆகவேண்டியதைப் பார்க்கலாம் என்பது அப்பாவின் கட்சி. உயிரோடிருக்கிறவனுக்கு எவன் இரங்கல் பூசை வைப்பான் என்பது அத்தையின் கட்சி. இந்தச் சண்டை மாதம் ஒரு தடவை நடக்கும், முடிந்ததும் இருவரும் சில நாள் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

அக்கா வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். மாமியார் வீட்டில் அவளை ராசியில்லாதவள் என்று பேசத் தொடங்கி நாளாகியிருந்தது. இப்போது பெண்ணைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடச் சொல்கிறார்களாம். நிவாரணம் கேட்டு அலுவலகத்துக்குப் போனால், செத்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். காணாமல் போனவர் செத்தவராவதற்குச் சட்டம் ஏழு வருஷம் கேட்கிறது. படகு முழுகியதற்கு ஏதாவது அடையாளம் காட்டினால் முன்னாலேயே நடக்கும் என்று யாரோ சொன்னார்களாம். கடலில் போய் எங்கே அடையாளம் தேடுவது என்று சொல்லிவிட்டு, அவள் அத்தையின் கழுத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீ டிரைவர் வூட்டுக்காரி. நீ கழட்டாம நாங்க கழட்டக்கூடாதுன்னுதான் அஞ்சு பேரும் உக்காந்துகினு கீறோம். உசுரோட கீறாங்கன்னு நீயாவது சொல்லு, இல்ல செத்துட்டாங்கன்னு சொல்லு. ஒண்ணு தெரிஞ்சா நான் எம்பொண்ண இட்டுகினு எங்கனா போயி பொழச்சிக்குவேன்."

டிரைவர் மனைவி கழற்றாமல் மற்றவர்கள் கழற்றக்கூடாது என்று ஒரு சட்டம் எங்கேயும் கிடையாது. கடலில் டிரைவர் சொல்கிற இடத்தில்தான் வலை இறங்கும். கரையில் அந்தப் படகுக்காரர்களின் பெண்டாட்டிகள் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் டிரைவர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அப்படி ஆகிப்போன வழக்கம். அத்தை அதுவரை தன் ஒருத்தியின் தாலியைத்தான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறாள்.  அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அம்மா தட்டை வைத்துவிட்டு வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு அந்த அக்காவும் எங்களோடு வந்தாள். அத்தைதான் கூப்பிட்டிருந்தாள், எதற்கென்று சொல்லவில்லை. பழைய சாமானெல்லாம் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று கூப்பிடுகிறாள் போல என்று நான் வழியெல்லாம் கப்பல் மணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பின்னறையில் அத்தை கைவிளக்குகளை விலக்கினாள். தூக்கை எடுத்து எழுத்துப் பக்கத்தைத் திருப்பி அக்காவின் கையில் கொடுத்தாள்.

"இது என்னுது" என்றாள். "வலையில வந்திச்சி."

அக்கா அழவில்லை. தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடி இல்லாத வாய்க்குள் கையை விட்டுத் துழாவினாள். என்ன கிடைக்கும் என்று துழாவினாளோ. பிறகு, "வேற எதுனா வந்திச்சாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கே நான் நம்முடையது என்று சொன்னேன், இல்லை என்று என்னை மறுத்துவிட்டு இன்று தானே கண்டுபிடித்ததுபோல் சொல்கிறாளே என்று. அதை அங்கேயே சொல்லவும் செய்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

சார் வந்து விஷயம் தெரிந்ததும் கால் போன நாற்காலியில் உட்காரப் போய்த் தடுமாறி நின்றார். பிறகு சாக்கு கொடுத்த படகுக்காரர்களைத் தேடிப் போய் விசாரித்தார். எண்ணூருக்கு வடக்கே வலை போட்டபோது கிடைத்ததாம். வெகுதூரம்கூட இல்லை. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் அங்கிருந்து தெரியுமாம். அந்தமான் என்றும் பர்மா என்றும் ஜனங்கள் பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம் மாமாவின் படகு நம்ம ஊர் விளக்கு வெளிச்சம் தெரிகிற இடத்தில் கிடந்திருக்கிறது. அத்தை இதைக் கேட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சார் அலுவலகத்துக்கு அவளோடு துணைக்குப் போனார். தூக்கு நகப்பூச்சு நம்பரோடு சாட்சிக்குப் போனது, திரும்பி வரவில்லை. யாரும் பார்க்க வராத இன்னொரு கிடங்கில் அது இருக்கும். இரும்பு வளையம் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வெகுநாள் இருந்தது. பெரிய கப்பலுடையது என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

அதற்கு அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலைப் பூசை. எங்கள் வீட்டில் எல்லாரும் போனோம். அப்பாவும் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்தார். முன்வரிசையில் அத்தையும் அந்த ஐந்து பேரின் மனைவிகளும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வரிசை தள்ளி நானும் பக்கத்துத் தெரு அக்காவின் மகளும். அந்த நாள்வரை மாமாவுக்காக வைத்த பூசைகளில், நலமாய்த் திரும்பி வர வேண்டி என்றுதான் பங்குச் சாமியார் வாசிப்பார். அன்று மாமாவின் பெயரையும் மற்ற ஐந்து பெயர்களையும் வாசித்துவிட்டு, இவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிப்போம் என்றார்.

எனக்கு அந்த வார்த்தை பளிச்சென்று பிடிபட்டது. அந்த வாரம்தான் தமிழ் டீச்சர் நடத்தியிருந்தார். வழிப்போக்கன் மரத்தடியில் இளைப்பாறினான். இளைப்பாறுதல் என்றால் களைப்புத் தீர ஓய்வெடுத்தல். வகுப்பில் முதலில் பொருள் சொன்னது நான்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் மகள் அந்தப் பாடம் நடந்த நாளில் பள்ளிக்கு வரவில்லை, அவளுக்குத் தெரிய நியாயமில்லை. அவள் காதோடு சொன்னேன்.

"உங்க அப்பாவும் எங்க மாமாவும் களைப்பா கீதுன்னு உக்காந்துகினு கீறாங்களாம். சாமியார் சொல்றாரு."

"எங்க?" என்றாள்.

யோசித்தேன். "எங்கனா கரையிலதான்."

"களைப்பு போனதும் வந்துடுவாங்களா?"

"வராம?"

அவள் முகம் மலர்ந்ததை என்னால் மறக்கமுடியவில்லை. பூசை முடிகிறவரை அவளால் இருப்புக்கொள்ளவில்லை. முடிந்ததும் முன்வரிசைக்கு ஓடிப் போய், தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, அப்பா இளைப்பாறிகினு கீறாராம், களைப்பு போனதும் வருவாராம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.  அத்தைதான் குனிந்து அந்தச் சின்னவளின் கன்னத்தைத் தொட்டு, "ஆமாண்டி கண்ணு" என்றாள். அவளுக்கு யார் இதைச் சொன்னது என்று அத்தை கேட்டாள். அவள் என்னைக் கைகாட்டினாள்.

அத்தை என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் பொருள் சொன்னது சரி என்பதற்காகத்தான் அது என்று நினைத்து, வீடுவரை பெருமையாக எல்லாருக்கும் முன்னால் நடந்து வந்தேன்.